வெள்ளையில் ஏது சாயம்

கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று சுலோசனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் வேறு யாரோ ஒருத்தியின் பெயரைக் கூப்பிட, நெஞ்சு ஒரு தடவை எகிறிக் குதித்துவிட்டு மறுபடியும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து இந்த நெஞ்சுக்கு இதே வேலை. இடது மாரிலிருந்து அறுத்து எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இன்றைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நல்லதா கெட்டதா, இரண்டில் ஒன்று அந்தக் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே முடிவாகி உட்கார்ந்திருக்கிறது, இவள் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில், சுவரோரம் போட்ட இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் துணிகளைப் பார்த்தாள். என்ன செய்வது, திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் ட்யூப் லைட்டுக்கு அடியில் நின்று நின்று பழகிய கண். முன்னால் நிற்கிற ஆளின் பனியனில், நெய்யும்போதே ஊசி உடைந்து விழுந்த கோடு ஒன்று முதுகில் நீளமாக இறங்குகிறது, பாவம், அந்த ஆளுக்குத் தெரியாது. நர்ஸின் கோட்டுப் பையோரம் மஞ்சளாக மருந்துக் கறை. ஜன்னல் திரையின் மடிப்புத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போய் நூல் தொங்குகிறது. எழுந்து போய் அதைப் பிய்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. உன் உடம்பில் என்ன தொங்குகிறது என்று தெரியாமல் ஆஸ்பத்திரித் திரையில் தொங்குவதைப் பிடுங்கப் போகிறாயாக்கும் என்று தன்னையே கடிந்துகொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் நூர்நிஷா அக்கா பெரிய துணிப்பையை மடியில் வைக்காமல் மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்தவள். அவளைத் தவிர இந்த விசயம் முழுசாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

கட்டியில் துணுக்கு எடுக்க அந்த ஊசி போட்டார்களே, அதைப் போட்டது பொம்பளை டாக்டரா ஆம்பளை டாக்டரா என்று நூர்நிஷா மெதுவாகக் கேட்டாள். பஸ்ஸில் வரும்போதும் இதைத்தான் கேட்டாள். பொம்பளைதானுங்க அக்கா, அப்பவே சொன்னேனே என்று சுலோசனா சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் மனசு லேசாகும் என்று நினைக்கிறாளோ என்னவோ, நல்ல மனசுதான், ஆனால் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் ஆறப்போட்ட இடத்தில் போய்க் குத்துகிறது. ஊசி என்றதும் அந்த இருட்டு அறை கண்ணுக்குள் வந்துவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்து, சில்லென்று எதையோ தடவி, பக்கத்திலிருந்த டிவியில் சாம்பல் கலரில் ஏதேதோ நெளிய, டாக்டரம்மா அசையாதீங்க என்றதும் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று படுத்தபடியே யோசித்தாள். பேக்கிங் செக்சனில் பனியனுக்கு விலைச்சீட்டு குத்துகிற டேக் கன், அச்சு அசல் அதே சத்தம். நாள் பூரா அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்திருக்கிறாள், ஒரு நாளாவது அந்தத் துணிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்திருப்பாளா. சிரிப்பு வந்தது அப்போது. சிரித்தால் அசைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், டாக்டரம்மா வலிக்குதா என்று கேட்க, இல்லீங்க என்று சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒரே வழியாகத்தான் வரும் போலிருக்கிறது.

எல்லாம் ஒரு பொட்டுக் கறையில் ஆரம்பித்தது. போன ஆடி நோம்பி சமயம், குளிக்கப் போகையில் கழற்றிய உள்பாடியின் இடது பக்கத்தில் பழுப்பாக ஒரு பொட்டு. வேறு ஊர்க்காரியாக இருந்தால் என்ன நினைத்திருப்பாளோ, திருப்பூர்க்காரி நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: சாயம் போகிறது. அந்த ஊரில் யார் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து உள்துணி வாங்குகிறார்கள், கம்பெனியில் கழித்துப் போட்ட செகண்ட்ஸ்தான் ஊருக்கே. கழித்ததில் ஒரு குற்றம் இருக்கத்தான் செய்யும், ஒன்றுக்குத் தையல் கோணல், ஒன்றுக்குச் சாயம் நிற்காது. அதில் என்ன பயம் வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் கறை என்றால் சுலோசனாவிடம்தான் கொண்டுவருவார்கள். மிசின் ஆயில் எது, துரு எது, சாக்பீஸ் எது, வெற்றிலை எச்சில் எது என்று தூர இருந்தே சொல்லிவிடுவாள். டெய்லர் விரலில் ஊசி ஏறி ரத்தம் துணியில் பட்டால் சோப்பும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், யாருடைய ரத்தமோ அவர்களுடைய எச்சிலையே தொட்டுத் தேய்த்தால் போய்விடும் என்பது செக்கிங்கில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். ஐயோ, அதுதான் இப்போதும் நினைக்க நினைக்க ஆறவில்லை அவளுக்கு. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, குளியலறையில் நின்றுகொண்டு, யோசிக்காமல், பழகின கை பழகினபடி, விரலை நாக்கில் தொட்டு அந்தக் கறையில் வைத்துத் தேய்த்தாள். சுத்தமாகப் போய்விட்டது. போனதும் என்ன நினைத்தாள்? என் ரத்தம் என்றா நினைத்தாள்? தூ, எச்சிலுக்கே போகிற சாயம், என்ன மட்டமான சாயப்பட்டறையோ என்று நினைத்தாள். விரலுக்குத் தெரிந்திருக்கிறது, நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, இந்த மண்டைக்கு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மாட்டேன் என்று நின்றதா? இங்கே வந்ததும் நினைப்பு சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில்தான். நூல் சிக்கினால் மிசினை நிறுத்திச் சிக்கெடுக்கலாம், இதை எங்கே நிறுத்துவது.

சாயம் என்று முடிவு செய்தபிறகு சும்மா இருப்பாளா, நேரே செகண்ட்ஸ் கடைக்கு நூர்நிஷாவிடம் சண்டைக்குப் போனாள். அக்கா உங்ககிட்ட வாங்கின மெரூன் சாயம் போகுதுங்க என்றாள், நூர்நிஷா ஒரு வார்த்தை பேசாமல் தோல் கலரில் மாற்றிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து இதுவும் போகுதுங்க என்று போய் நின்றாள், சாம்பல் கலர் கொடுத்தாள். அப்புறமும் போனாள், மறுபடியும் மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த தடவை கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், இவள் வேண்டுமென்றே சத்தமாக, சாயம் நிக்காத சரக்கையெல்லாம் தள்ளிவிடறீங்களே என்று ஆரம்பித்தாள், நியாயம் கேட்கிற ருசி நாக்கில் ஏறிவிட்டது. நூர்நிஷா இவள் கையிலிருந்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இவள் மணிக்கட்டைப் பிடித்துத் துணிமூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள், அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தாள் சுலோசனா.

"கண்ணு, போன தடவை நான் உனக்குக் குடுத்தது வெள்ளை. வெள்ளையில ஏது சாயம்?"

அவ்வளவுதான் கேட்டாள். மூட்டைகளுக்கு நடுவில் புதுத்துணி வாசம், காற்றே இல்லை. சுலோசனா அந்த இடத்திலேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கலர் மாறியது, துணி மாறியது, கம்பெனி மாறியது, கறை மட்டும் மாறவில்லை, அதே இடது பக்கம், அதே நட்டநடு இடம். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இவள்தானே சொல்லித் தருவாள், பீஸுக்குப் பீஸ் வேறு வேறு இடத்தில் கறை இருந்தால் துணியைப் பார், எல்லாப் பீஸிலும் ஒரே இடத்தில் இருந்தால் துணியை விட்டுவிட்டு மிசினைப் போய்ப் பார் என்று. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு நூர்நிஷா கடையைப் பாதியில் சாத்திவிட்டு இவளோடு டாக்டரிடம் வந்தாள். அன்றிலிருந்து ஸ்கேனுக்கு, ஊசிக்கு, ஆபரேசனுக்கு, இன்றைக்கு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். கூடப் பிறந்தவளும் இப்படி வரமாட்டாள். ஆனால் இந்தக் கேள்விகளைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா.

இப்போதும் பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். உனக்குக் கைக்குத் தட்டுப்பட்டுச்சா கண்ணு, உருண்டையாவா, அசைஞ்சுதா என்கிறாள். இல்லீங்க அக்கா, கைக்கு ஒண்ணும் தெரியல, ரத்தம் வந்துதானே தெரிஞ்சுது என்று சுலோசனா வெடுக்கென்று சொன்னாள். சொன்னதும் சங்கடமாகிவிட்டது. நூர்நிஷா பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். கைக்குத் தட்டுப்படாத ஒன்று உள்ளே இருந்துகொண்டு இத்தனை கூத்தும் பண்ணியிருக்கிறது. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள், பால் வருகிற குழாய்கள் எல்லாம் காம்பை நோக்கி வருகின்றன, அதில் ஒரு குழாய்க்குள் காலிஃபிளவர் மாதிரி சின்னதாக ஒரு வளர்ச்சி, அதற்கு ஒரு தண்டு, அது உரசி உரசி ரத்தம் கசிகிறது, இதற்குப் பாப்பிலோமா என்று பேர். அந்தப் பிள்ளைக்கு முப்பது வயசுகூட இருக்காது, பூவைச் சுற்றிக் குட்டிக் குட்டி வளைவெல்லாம் போட்டு அழகாகத்தான் வரைந்தாள். அன்றோடு காலிஃபிளவர் போயிற்று. திருப்பூரில் பொழுது சாய்ந்தால் தெருமுக்குக்கு ஒரு தள்ளுவண்டி, காளான் மசாலா, காலிஃபிளவர் சில்லி, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தால் அந்த வண்டி முன்னால் நிற்காமல் வீட்டுக்குப் போனதில்லை இவள். இப்போது வண்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூவைப் பிய்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தாலே சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ரோட்டுக்கு அக்கட்டால போய்விடுகிறாள். பெரும்பாலும் இது கெட்டது இல்லீங்க என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். பெரும்பாலும். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுசி எத்தனை ராத்திரி முழித்திருக்க முடியும். ஊசியில் வந்த துணுக்கைச் சோதித்ததில் நல்லதாகத்தான் தெரிகிறது, ஆனால் துணுக்கை வைத்துச் சொல்ல முடியாது, பக்கத்தில் வேறு மாதிரி இருந்தாலும் இருக்கும், முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றாள். இது சுலோசனாவுக்கு உடனே புரிந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரனின் ஆள் வந்து பெட்டியிலிருந்து நாலு பீஸ் எடுத்துப் பார்ப்பான், நாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் அவன் மூஞ்சியில் ஒரு சுருக்கம் விழும், முழு லாட்டையும் பிரிங்க என்றுவிடுவான். அப்படிப் பிரித்த லாட் எல்லாம் நல்லதாக முடிந்ததா? முடிந்ததும் உண்டு, மொத்தமாகத் திரும்பி வந்ததும் உண்டு. திரும்பி வந்ததை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதைத்தானே நினைக்கிறது இந்தப் பாழாய்ப்போன மனசு.

ஜெயக்கொடி திரும்பி வந்தாள். அதே செக்கிங்கில் எதிர் மேசையில் நின்றவள், மாரில் கட்டி என்று போனவள், ஒரு வருசம் கழித்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருநாள் கேட்டில் வந்து நின்றாள், எல்லாரையும் பார்த்துவிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றாள். அவள் மேசையில் அவள் போன அடுத்த வாரமே ஒரு ஒடிசாப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். ஜெயக்கொடி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள், லைட் கண்ணு கூசுதா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லு என்று கையால் காட்டினாள். அவள் போனதும் ஒருத்தி, அவ மகளுக்கு இனி எவன் வருவான் என்றாள். சாவைக்கூடச் சுலோசனா அவ்வளவு நினைக்கவில்லை, சாவு யாருக்கும் வரும். மேசையில் தன் இடத்தில் வேறொருத்தி நிற்பதையும், மிருதுளாவைக் காட்டி அவ மகளுக்கு எவன் வருவான் என்று எவளோ கேட்பதையும்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறாள். நாமக்கல்லில் ஆஸ்டலில் இருந்து படிக்கிறாள் பெண். போனில் என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்குது என்பாள், சளி சாமி என்பாள் இவள். வீட்டுக்காரர் பொன்னுசாமிக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறாள், கொழுப்புக்கட்டிங்க, எடுத்துட்டா சரியாப்போகும் என்று. ஆபரேசன் அன்றைக்கு மனுசன் டெம்போவை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார், எங்கே போடணும் என்று மட்டும் கேட்டார், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ. அன்றைக்கு ராத்திரி தோசை சுட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார், கருகின பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, வந்து என்ன, திரும்பி உள்ளேயே போய்விட்டது. இன்றைக்கு வெறும் தையல் காயம் பார்க்கிற வேலைதான், நீங்க லோடுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டாள்.

இடது பக்கம். ஏன் இடது பக்கம்? மிருதுளா கைக்குழந்தையில் அந்தப் பக்கம் வாயே வைக்கமாட்டாள். வலது பக்கம் போட்டால் சப்பிச் சப்பிக் குடிப்பாள், இடது பக்கம் மாற்றினால் வீறிட்டு அழுவாள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள், அந்தத் துளிக்கழுதைக்கு அதில் அப்படி என்ன விரோதமோ. பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும், மேலெல்லாம் காயும். மாமியார் நின்றுகொண்டு பிழியச் சொல்வாள், பிழிந்ததைக் கால் படாத இடமாகப் பார்த்து முருங்கை மரத்தடியில் ஊற்றச் சொல்வாள். புள்ள குடிக்காத மாரு பின்னால ஏதாச்சும் பண்ணும் என்று அந்தம்மா அப்போது சொன்னதை இருபது வருசம் மறந்தே போயிருந்தாள், ஸ்கேன் அறையில் படுத்தபோது பளிச்சென்று வந்து நின்றது. டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டாள். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பால் குடுத்ததுக்கும் குடுக்காததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, யாருக்கு வேணாலும் வரும் என்றாள் அவள். நம்பினாள். நம்பிவிட்டு வீட்டுக்கு வந்து, அப்படியானால் குழந்தைக்கு அப்போதே ஏதோ தெரிந்திருக்குமோ என்று ஆரம்பித்தாள். பச்சைக் குழந்தைக்கு என்னத்தைத் தெரியும், சும்மா இரு. ஆனாலும் ஒரு நிமிசம் பெண்மேல் கோபம் வந்தது, நீ அன்னைக்கு ஒழுங்காகக் குடித்திருந்தால் என்று. வந்த வேகத்தில் அந்தக் கோபம் அழுகையாகிவிட்டது. இந்த மாரின்மேல்தான் எத்தனை பேருக்கு என்னென்ன சொல்ல இருக்கிறது, அதுவோ இத்தனை காலமும் ரவிக்கைக்குள் வாயைத் திறக்காமல் கிடந்தது. தையல் போட்ட இடம் இப்போது அரித்தது. அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தம். ஆறுகிற உடம்புக்கு உள்ளே வேறு ஒன்று இருக்குமா? இருக்காது என்று யார் சொன்னது.

"ஏங்கண்ணு, ரத்தமே வராம வெறும் கட்டியா மட்டும் இருந்தா, அதுவும் இதே பூவாத்தான் இருக்குமா?"

எனக்கு எப்படிங்க அக்கா தெரியும், நானென்ன டாக்டருக்கா படிச்சிருக்கறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போதே கதவு திறந்தது. சுலோசனா என்றாள் நர்ஸ். இவ்வளவு நேரம் வேறு பெயர்களுக்கெல்லாம் குதித்த நெஞ்சு தன் பெயருக்குக் குதிக்கவே இல்லை, அப்படியே நின்றுவிட்டது. எழுந்தாள். நாற்காலியில் நூல் ஏதும் சேலையில் ஒட்டியிருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்துத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நூர்நிஷாவும் கூடவே வந்து கதவோரம் நின்றாள். டாக்டரம்மா தலையைத் தூக்கி முதலில் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நம்பலாமா என்று சுலோசனா அதையும் மேலும் கீழும் செக் பண்ணினாள்.

"நல்ல செய்திதாங்க. பாப்பிலோமாவேதான், புற்றுநோய் இல்ல. கெட்டதா இருந்தா அந்தப் பூவைப் போத்தியிருக்கற ரெண்டு அடுக்கு செல்லுல உள்பக்கத்து அடுக்கு காணாமப் போயிரும். உங்களுக்கு ரெண்டு அடுக்கும் முழுசா இருக்கு. அதை வேரோட எடுத்துட்டோம். வருசம் ஒருதடவை வந்து காட்டுங்க, போதும்."

இன்னொருக்கா சொல்லுங்க என்றாள் சுலோசனா. டாக்டரம்மா சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னாள். முழுசாப் பிரிச்சுப் பாத்தாச்சுங்களா என்று கேட்டாள். முழுசாவே பாத்தாச்சு. அப்போது அழவில்லை. தையலைப் பார்த்தார்கள், ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள், கையெடுத்துக் கும்பிட்டாள், வெளியே வந்து மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் குலுங்கி அழுதாள். நூர்நிஷா முதுகைத் தடவிக்கொடுத்தாள், அல்லா இருக்கறான் கண்ணு, அழுதுரு, அழுதுரு என்றாள். அழுதுகொண்டே சுலோசனாவுக்கு எல்லாம் ஒரேயடியாக வந்தது, பசி வந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வந்தது, திருப்பூரில் இறங்கினதும் முதல் வேலையாகத் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் காலிஃபிளவர் சில்லி, அக்காவுக்கு ஒரு பிளேட், வெங்காயம் எச்சாப் போடச்சொல்லி. இன்றைக்கு அவரிடம் முழுசாகச் சொல்லிவிட வேண்டும், கருகின தோசையை இனிமேல் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டில் வந்து நின்ற ஜெயக்கொடியை அப்புறம் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லையே, இந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், அவளுக்கு வந்ததை நினைத்தால் தனக்கு வராததற்குச் சந்தோசப்படுவதே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது, ஆனாலும் சந்தோசமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தாள். கால் எவ்வளவு லேசாக இருக்கிறது, இந்தப் படியில்தானா காலையில் அப்படி மூச்சு வாங்கியது. நூர்நிஷா இரண்டு படி பின்னால் வந்தாள். எப்போதும் இவளுக்கு முன்னால் நடக்கிறவள் அவள்.

"நாம நேரா வந்தாப் பாப்பாங்களா கண்ணு, இல்ல வேற டாக்டர் எழுதிக் குடுத்துத்தான் வரணுமா?"

வருசம் ஒரு தடவைதானுங்க அக்கா, நேரா வந்து காட்டலாம்னுதானே சொன்னாங்க என்று பதில் சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு படி இறங்கினாள் சுலோசனா. இறங்கினவள் நின்றுவிட்டாள். டாக்டர் பொம்பளையா. கைக்குத் தட்டுப்பட்டுச்சா, உருண்டையா, அசைஞ்சுதா. ரத்தம் வராம வெறும் கட்டியா இருந்தா. நேரா வந்தாப் பாப்பாங்களா. இத்தனை நாளும் பஸ்ஸிலும் வராந்தாவிலும் அவள் கேட்டதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஒரே இடத்தில் விழுந்தன. எல்லாம் தன்னைப் பற்றிய கேள்வி என்று நினைத்துச் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. ஊரிலிருக்கிற துணியெல்லாம் தெரிந்தது, திரையில் தொங்கின நூல் தெரிந்தது, பக்கத்து நாற்காலி தெரியவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். நூர்நிஷா இரண்டு படி மேலே, துணிப்பையை மாரோடு அணைத்தபடி, இவள் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுலோசனா ஏறிப்போய் அந்தப் பையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கடையில் சண்டை போட்ட குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கமுங்க அக்கா?"

கீழேயிருந்து யாரோ ஏறி வந்தார்கள், இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் போனபிறகு நூர்நிஷா, பை இல்லாமல் வெறுமையாகிப்போன கையைத் தூக்கி, வலது பக்கம் துப்பட்டாவின்மேல் ஒரு நொடி வைத்துவிட்டு எடுத்தாள்.

"ரம்ஜானுக்கு முன்னாடியே இருக்குது. உனக்கு நல்லபடியா முடியட்டும்னு இருந்தேன்."

சுலோசனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், அன்றைக்கு மூட்டைகளுக்குப் பின்னால் அவள் இவளைப் பிடித்த மாதிரி, அவ்வளவு அழுத்தமாக. இரண்டு பேருமாக மறுபடியும் மேலே ஏறி, டோக்கன் கொடுக்கிற ஜன்னலின் முன்னால் வரிசையில் போய் நின்றார்கள்.